அஷ்டமி நவமிக்கு இன்சூரன்ஸ் இல்லை

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு நீங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடும். என்னிடம் மிச்சமிருக்கும் பெருமைகள் ரொம்பக் குறைவு. இதையாவது நானே வைத்துக்கொள்கிறேனே.

சென்ற வாரம் நான் மீன் வளர்த்துத் தோற்ற கதையைப் படித்த ஒரு வாசகர், "இதற்குக் கீழேயும் உங்களால் போக முடியுமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். ஐயா, அது வெறும் மீன். இந்த வாரம் வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கோலா கிளாவாங்கிலிருந்து பாரோய் பக்கம் இறங்கும் ஜெலுபு மலைப்பாதை. மூங்கில் புதர்களின் தலையில் பனி இன்னும் கலையவில்லை. என் பழைய சின்னக் கார், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், நான்கு பக்கமும் விளக்கை மினுக்கிக்கொண்டு நடுரோட்டில் போகிறது. அதன் பின்னால் ஒரு வெள்ளை வேன். வேனுக்குள் முந்நூறு பேருக்குச் சாப்பாடு. வேனுக்குப் பின்னால் ஏழெட்டுக் கார்கள். எல்லாக் கார்களுக்கும் ஹார்ன் நன்றாக வேலை செய்தது.

கண்ணாடியில் பார்த்தேன். வேன் ஓட்டும் அஞ்சலை அக்காவின் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

அந்த வேனுக்கு அன்றைக்கு இன்சூரன்ஸ் கிடையாது. அது அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் இல்லாமல் செய்தவனே நான்தான்.

எடைப் பாலத்தில் ஒரு ஏஜெண்ட்

என் பிழைப்பு, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் எடைப் பாலத்தில். குலை ஏற்றிக்கொண்டு லாரி வரும், பாலத்தில் ஏறி நிற்கும், நான் எடையைக் குறித்துச் சீட்டு கொடுப்பேன். அந்தக் காலத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவரைக் கிராணி என்பார்கள். தோட்டமே எழுந்து நிற்கும். இப்போது என்னைப் பார்த்தால் நாய்கூட எழுந்திருப்பதில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு, "அண்ணே, அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்புங்களேன்" என்பார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம் வாகன இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆகும் தகுதியைக் கண்டுபிடித்தவர் சேகரன் அண்ணன். கெமாஸ்காரர். அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒரு கல்யாண விருந்தில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"குணா, ஒரு நாளைக்கு ஒங்கிட்ட எத்தன லாரி வருது?"

"ஒரு அறுவது வரும்ணே."

"அறுவது டிரைவரு. ஆளுக்கு ஒரு காரு, ஒரு மோட்டாரு சைக்கிளு வீட்டுல நிக்குது. நீ சும்மா எட போட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கியா? பார்ட் டைமா செய்லா."

பாயசம் வருவதற்குள் நான் முதலாளி ஆகிவிட்டேன். மனசுக்குள்தான்.

ஏஜெண்ட் ஆவதற்குப் பரீட்சை ஒன்று உண்டு. நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை தோற்றதற்குக் காரணம், நான் படிக்கவில்லை. இரண்டாவது தடவை தேறியதற்குக் காரணம் இன்றுவரை தெரியவில்லை.

தேறிய மறுநாளே வியாபாரம் ஆரம்பம். பாலத்தில் ஏறிய லாரி, என் பேச்சு முடியாமல் இறங்க முடியாது என்று ஒரு முறையை வகுத்தேன்.

"அண்ணே, எட போட்டாச்சா இல்லியா?"

"எட எப்பவோ போட்டாச்சு தம்பி. ஒன் சொந்தக் காருக்குக் கண்ணாடி இன்சூரன்ஸ் இருக்கா? மட்ட விழுந்து ஒடஞ்சா என்ன செய்வ?"

"மட்ட விழுந்தா நகந்துக்குவேன். இப்ப நீங்க நகருங்க."

மூன்றாம் நாள் லாரிகளின் வரிசை ஆபீஸ் வாசல்வரை போய்விட்டது. மானேஜர் வெளியே வந்து, வரிசையைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். பத்து நிமிடத்தில் எழுத்தில் வந்தது.

ஒரு மாதம் போனது. ஒரு ஆள்கூடச் சேரவில்லை. என் மனைவி ஸ்டெல்லா ஆறுதல் சொன்னாள்.

"உங்க மொகத்தப் பாத்தாலே ஆக்சிடென்ட் ஞாபகம் வருது. அதுக்காகவாச்சும் நாலு பேரு போட்டுருக்கணுமே."

நல்ல நாள் ஸ்டைல்

முதல் ஆள் வந்தது ஒரு மத்தியானம். தோட்டத்து டிராக்டர் ஓட்டும் மணியம். அவனுடைய மோட்டாருக்கு இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதமாகியிருந்தது. நாலு மாதமும் அவன், தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கும் காட்டுக்கும் குறுக்குப் பாதையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது மாமியார் வீடு போக மெயின் ரோட்டுக்கு வரவேண்டிய கட்டாயம்.

கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் நிரப்பினேன். 'எந்தத் தேதியிலிருந்து ஆரம்பம்?' என்று கேட்டது.

"மணியம், எப்பலேருந்து போடட்டும்?"

அவன் என் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைப் பார்த்தான். "நல்ல நாளாப் பாத்துப் போடுங்கண்ணே. இன்னிக்குக் கரி நாள்னு போட்டுருக்கு."

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. 'ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஒரு ஸ்டைல் வேணும்லா' என்று சேகரன் அண்ணன் சொல்லியிருந்தார். இதோ என் ஸ்டைல்! சிரம்பானில் ஒரு அச்சகத்தில் கார்டு அடித்தேன். ஒரு பக்கம் என் பெயர். மறுபக்கம், சிவப்பு எழுத்தில்: 'நல்ல நாள் பார்த்து இன்சூரன்ஸ் செய்து தரப்படும்.'

பிய்த்துக்கொண்டு போயிற்று. இரண்டு மாதத்தில் பதினெட்டுப் பேர். வளர்பிறையா, நட்சத்திரம் என்ன, சந்திராஷ்டமம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் தேதி போடுவேன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாட்காட்டி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஊதுவத்தி. இன்சூரன்ஸ் தாளின் மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்த ஒரே ஏஜெண்ட் நெகிரி செம்பிலானில் நானாகத்தான் இருப்பேன்.

ஆயுத பூஜை அன்று தோட்டத்துக் கோயில் வாசலில், வண்டிகளுக்குப் பூஜை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்தேன். பூசாரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சாமி பாத்துக்கும்னு நான் சொல்லி அனுப்புறேன். சாமி பாக்கலேன்னா நான் இருக்கேன்னு நீ பக்கத்துலேயே கட போட்டுருக்க."

"ரெண்டும் இருக்கட்டும் சாமி. உங்களுது மேல, என்னுது கீழ."

"நல்ல நாள்லாம் பாக்குறியாமே? அஷ்டமி நவமி ஆகாதாமே?"

"ஆகவே ஆகாது சாமி."

"இன்னிக்கி என்ன திதின்னு தெரியுமா? நவமி. ஆயுத பூச வர்றதே நவமியிலதான்டா."

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குத் தொழில் பொறாமை என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். திதி, நட்சத்திரம் எதிலும் தலையிட மாட்டாள். ஆனால் கணக்கு நன்றாக வரும். அது பிறகு உதவியது, கொஞ்சம் தாமதமாக.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் என் ஸ்டைலால் கெடுதல் வரவில்லை. ஏன்? எல்லாரும் மணியம் மாதிரி. இன்சூரன்ஸ் முடிந்து மாதக்கணக்கில் வண்டியைக் குறுக்குப் பாதையில் ஓட்டியவர்கள், இல்லாவிட்டால் லயத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தவர்கள். அவர்களுக்குப் புதன்கிழமை ஆரம்பித்தால் என்ன, வெள்ளிக்கிழமை ஆரம்பித்தால் என்ன?

மண்டோர் வாங்கிய கார்

நல்ல நேரத்துக்கும் வண்டிக்கும் முடிச்சுப் போடும் வியாதி எனக்கு வந்தது ரத்தத்தில். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் ஒரு மண்டோர், வேலையாட்களைக் கவனிக்கும் மேஸ்திரி. ரப்பர்த் தோட்டம் அது. பச்சை நிறக் கார், யாரோ ஓட்டித் தேய்த்தது. ஆனால் மண்டோர் துடைத்த துடைப்பில் புதுசாகவே ஆகிவிட்டது. கோயில் மேட்டில் பூஜை. மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். நல்ல நேரம் முடிவதற்குள் கார் பழத்தின் மேல் ஏறி நகர வேண்டும்.

மண்டோர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். இருமியது. மறுபடி திருகினார். இருமலும் நின்றுவிட்டது. என்ன கோளாறு என்று பார்க்க இறங்கி, முன்பக்க மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"நேரம் போவுது! இன்னும் ரெண்டே நிமிசம்!" என்று கூட்டத்தில் ஒரு குரல். அந்தக் குரல் என் அப்பாவுடையது.

"நகந்தா போதும்ல? தள்ளுங்கடா!" என்று இன்னொரு குரல். அதுவும் என் அப்பாதான்.

முப்பது பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். மண்டோர் அலறிக்கொண்டு பக்கவாட்டில் தாவினார். கார் நல்ல நேரத்துக்குள் நகர்ந்தது. எலுமிச்சம்பழம் நான்கும் அழகாக நசுங்கின. பிறகு மேட்டிலிருந்து இறங்கி, ஆளில்லாமல், மாலையோடு, மூடியைத் திறந்துகொண்டு போய்ப் பால் கொட்டகையின் சுவரில் முட்டி நின்றது.

புளித்த ரப்பர்ப் பாலின் வாசம் கொஞ்ச நாளைக்கு அந்தக் காரிலிருந்து போகவில்லை. ஆனால் என் அப்பா கடைசிவரை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நேரத்துல நகந்துச்சா இல்லியா? அதனாலதான் மண்டோருக்கு ஒண்ணும் ஆகல."

இந்த அப்பாவுக்குப் பிறந்தவன், இன்சூரன்ஸ் விற்றால் வேறு எப்படி விற்பான்?

தேதிக்கு முன்னால் வந்த மனுஷி

அஞ்சலை அக்கா அதே மண்ணில் பிறந்தவர். பால் இறங்க ரப்பர் மரம் வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் உதிரிப் பழம் பொறுக்கினார். கோயில் திருவிழாவுக்குச் சமைக்கப் போய்க் கைப்பக்குவம் ஊருக்குத் தெரிந்து, ஐம்பது வயதுக்கு மேல் சொந்தமாகச் சமையல் தொழில் ஆரம்பித்தார். தாலியைத் தவிரக் கழுத்தில் கையில் இருந்ததெல்லாம் ஒரு பழைய வெள்ளை வேனாக மாறியது. லைசென்ஸ் எடுத்ததும் அப்போதுதான். வீட்டுக்காரர் சின்னத்தம்பி மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சாம்பார் அண்டாவின் மூடியைப் பிடித்துக்கொள்வார். மாமா அதிகம் பேச மாட்டார். பேசினால் மூடி நழுவும் என்பது போல உட்கார்ந்திருப்பார்.

இன்சூரன்ஸ் முடிய மூன்று வாரம் இருக்கும்போதே என்னிடம் புதுப்பிக்க வந்தார் அக்கா. என் வாழ்க்கையில் தேதிக்கு முன்னால் வந்த முதல் மனுஷி. நேர்மையாக வந்தவரைத்தான் நான் கவிழ்த்தேன்.

"பழசு வெள்ளிக்கெழமயோட முடியுதுக்கா. அடுத்த நாளு சனி..." நாட்காட்டியைப் புரட்டினேன். "ஐயோ, அஷ்டமி. ஞாயித்துக்கெழம நவமி. திங்கக்கெழம தசமி, ரொம்ப விசேஷம். திங்கக்கெழமலேருந்து போட்டுரவா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது குணா. வேன் ஓடணும். வேற என்ன இருக்கு எங்கிட்ட? நீ படிச்சவன், பாத்துப் போடு."

படித்தவன் பார்த்துப் போட்டான். மூலையில் மஞ்சளும் தடவினான்.

"நடுவுல யாரு?"

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் ஹாலில் படுத்துக்கொண்டு என் வெற்றிகளை ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை அக்கா வேனு, பழசு வெள்ளி முடியுது, புதுசு திங்கள் ஆரம்பிக்குது. தசமி!"

ஸ்டெல்லாவின் கை பாதி மடித்த சட்டையோடு நின்றது.

"வெள்ளி ராத்திரி முடியுது?"

"ஆமா."

"திங்கக்கெழம ஆரம்பிக்குது?"

"ஆமா."

"நடுவுல யாரு?"

நான் வாயைத் திறந்தேன். என் தொழில் வாழ்க்கை முழுவதும் என் கண் முன்னால் ஓடியது. நீளம் குறைவு என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"நடுவுல..." என்றேன், "சாமி."

"நாளைக்கு அந்த அக்கா பாரோய்க்குச் சாப்பாடு கொண்டாறாங்க. தோட்டத்துக்காரவங்க ஒன்றுகூடலுக்கு. முந்நூறு பேருக்கு. அந்த மலையில எறங்கணும். தெரியுமா?"

தெரியும். நானும் அதற்குப் போவதாகத்தான் இருந்தேன். முன்னாள் தோட்டத்து மக்கள், இப்போது பாரோய் பக்கம் வீடமைப்புகளில் இருப்பவர்கள், மண்டபம் எடுத்து நடத்தும் விருந்து. அக்காவுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர்.

சேகரன் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். 

"எதுக்கு அப்பிடித் தேதி போட்ட?"

"அஷ்டமிண்ணே."

 பிறகு ரொம்ப மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுவது போல: "குணா, போட்ட தேதிய மாத்துறது ஆபீஸ் வேல. ஆபீஸ் தொறக்குறது திங்கக்கெழம. ஒரே வேனுக்கு இன்னொண்ணு போட கம்ப்யூட்டரு விடாது. அது வரைக்கும் அந்த வேன் ரோட்டுல ஏறக்கூடாது. யாரையாச்சும் இடிச்சா, அந்தம்மா வேனும் போச்சு, பொழப்பும் போச்சு. இன்சூரன்ஸ் இல்லாம ரோட் டெக்ஸும் கெடையாது, பிடிச்சா கேஸு. போன் போட்டுச் சொல்லிரு."

அக்காவுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முந்நூறு பேருக்குத் தேங்காய் துருவும் வீட்டில் போன் சத்தம் யாருக்குக் கேட்கும்? எடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எடுக்காததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

முப்பது கிலோமீட்டர்

விடிவதற்கு முன் பாரோய் பக்கமிருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி மலையேறி, தோட்டத்து லயத்தில் அக்கா வீட்டு முன்னால் போய் நின்றேன். அண்டாக்கள் ஏறிக்கொண்டிருந்தன. தாளித்த வாசம் லயம் முழுக்க மணந்தது. நேரில் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். அக்கா கையில் ஒரு அடி நீளக் கரண்டி இருந்தது. வேறு வழியில் போனேன்.

"அக்கா, இன்னிக்கு நவமி. வெளிய கெளம்பாம இருந்தா நல்லது."

"ஆரம்பிக்கிற காரியத்துக்குத்தான்டா நவமி. சோறு ஆக்குறத நான் பதிமூணு வயசுல ஆரம்பிச்சிட்டேன்."

"எஞ்சின் சத்தம் ஒரு மாரி இருக்கேக்கா."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா. அந்த வாரத்துக்கான பேச்சை அதில் செலவழித்துவிட்டார்.

"அப்ப அண்டாவயெல்லாம் என் கார்ல ஏத்திரலாமா?"

அக்கா என் காரைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். மறுபடி என் காரைப் பார்த்தார். அடுத்த அண்டாவை வேனில் ஏற்றினார்.

கடைசியாக, "சரி, நான் முன்னால வழி காட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"பாரோய்க்கு எனக்கு வழி தெரியாதா? எக்கேடும் கெட்டுப் போ. மறிக்காமப் போ."

அப்படித்தான் நீங்கள் ஆரம்பத்தில் பார்த்த ஊர்வலம் உருவானது. என் கணக்கு எளிமையானது: முப்பதில் போனால் எதுவும் எதையும் பலமாக இடிக்காது. வளைவுக்கு வளைவு கையை வெளியே நீட்டி, மெதுவா, மெதுவா என்று சைகை காட்டினேன். பின்னாலிருந்தும் ஒரு கை நீண்டது. அதன் சைகை வேறு.

மலை உச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அதற்குச் சற்று முன்னால் ஒரு குரங்குக் குடும்பம் ரோட்டில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். என் பதற்றத்தில் கொஞ்சம் அதிகமாகவே மிதித்துவிட்டேன். பின்னால் டயர் கிறீச்சிட்டது. டங் என்று ஒரு அண்டா. கண்ணை மூடிக்கொண்டேன்.

இடிக்கவில்லை. இறங்கிப் பார்த்தபோது என் காருக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு சாண்.

அக்கா கரண்டியோடு இறங்கினார்.

"என்னடா ஆச்சு ஒனக்கு? சவ ஊர்வலம் மாரி ஓட்டுற? வயித்துக்கு ஏதாச்சும் செய்யுதா?"

அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, வேனுக்கு இன்னிக்கு இன்சூரன்ஸ் இல்ல."

"மூணு வாரத்துக்கு முன்னயே போட்டேனே?"

"போட்டீங்க. நாளைக்குத்தான் ஆரம்பிக்குது."

"பழசு?"

"முந்தாநாளு முடிஞ்சிருச்சு."

"அப்ப நேத்து?"

"அஷ்டமி."

"இன்னிக்கி?"

"நவமி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். கரண்டி இறங்கும் என்று தலையைக்கூடச் சற்று வாகாக வைத்துக்கொண்டேன். இரண்டும் நடக்கவில்லை. அக்கா குனிந்து அந்த ஒரு சாண் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். வேனின் முகப்பை உள்ளங்கையால் மெல்லத் தடவினார்.

"இப்ப இடிச்சிருந்தா?"

"எல்லாம் உங்க தலையிலதான் விழும்."

"நேத்து காய் வாங்க பாசாருக்கு ரெண்டு தடவ போய் வந்தேன்டா. ரோட்டுல வெளயாடுற பிள்ளைங்க நடுவுல ஓட்டிட்டு வந்தேன்."

என்னிடம் எப்போதும் ஒரு ஜோக் தயாராக இருக்கும். அன்றைக்கு இல்லை.

அக்கா வேனைக் கடை வாசலில் ஓரமாக ஏற்றி நிறுத்தினார். சாவியை உருவினார். என் சட்டைப் பையில் போட்டார். "நீயே வச்சிரு. எங்கிட்ட இருந்தா சோறு கெட்டுப் போயிரும்னு ஓட்டிருவேன்."

அதற்குள் பின்னால் நின்ற கார்களிலிருந்து ஆட்கள் இறங்கி என் பரம்பரையை விசாரிக்க வந்துவிட்டார்கள். பார்த்தால் பெரும்பாலும் நம் ஆட்கள். அதே விருந்துக்குப் போகிறவர்கள். மணியம்கூட, மாமனார் காரை இரவல் வாங்கிக்கொண்டு, மனைவியோடு வந்திருந்தான். அக்கா கரண்டியை உயர்த்தினார்.

"பேச்சு பெறகு. சாப்புடணுமா வேணாமா? காரு பின்பக்கத்தத் தொறங்க!"

ஐந்து நிமிடத்தில் முந்நூறு பேர் சாப்பாடு ஏழு வண்டிகளுக்குப் பிரிந்தது. சோறு ஒரு லாரிக்காரரின் பிக்கப் வண்டியில். சாம்பார் மணியத்திடம், மூடி பிடிக்க அவன் மனைவி. புதுக் கார் வைத்திருந்த ஒரு தம்பதி, சீட்டுக்கு மேல் போர்வை விரித்து, அதற்கு மேல் தாள் விரித்து, பாயசத்தைப் பிறந்த குழந்தை போல வாங்கிக்கொண்டார்கள். ரசம் யாருக்கும் வேண்டாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மாமா வேனுக்குக் காவல் இருந்தார். கடைக்கார மாக்சிக், ஒரு மலாய் அம்மா, விஷயம் புரியாவிட்டாலும் முகம் புரிந்து, அவருக்கு ஒரு தட்டு பீசாங் கோரெங் வாழைப்பழப் பஜ்ஜியும் கோப்பியும் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் கிளம்பும்போது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூடி பிடிக்க வேண்டிய கவலை இல்லாத முகம்.

அக்கா என் காரில்தான் ஏறினார். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார். நான் முப்பதிலேயே ஓட்டினேன். இருந்தும் மூன்றாவது வளைவில் ரசம் பின்சீட்டுக்கு இறங்கியது. மிளகு, பூண்டு, கொத்தமல்லி. இன்றைக்கும் மழைக்காலத்தில் என் காரில் ஏறுகிறவர்களுக்குப் பசிக்கிறது.

சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரசம் மட்டும் கொஞ்சம் குறைவு. மண்டபத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. நாலு பேர் அக்காவிடம் வந்து, மகள் கல்யாணத்துக்கு நீங்கதான் என்றார்கள். அக்கா எல்லாரிடமும் சிரித்துப் பேசினார். என்னிடம் மட்டும் பேசவில்லை. நான் பந்தி முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அக்காவின் அந்த மௌனம்தான் என்னைப் படுத்தியது. அவர் லயத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் என் ஏஜெண்ட் வேலை முடிந்தது. அது போகட்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் 'நீ படிச்சவன்' என்று சொன்னாரே, அது இனி வராது என்று தோன்றியது.

திங்கட்கிழமை

அரை நாள் லீவு போட்டேன். காலையில் முதல் வேலையாக அக்காவை ஏற்றிக்கொண்டு மலை உச்சிக்குப் போனேன். மாமா இரவு வேனிலேயே படுத்திருந்தார். மாக்சிக் கொடுத்த போர்வையை மடித்து வைத்துக்கொண்டு, இரண்டாவது கோப்பியில் இருந்தார். வேனின் மேல் மூங்கில் இலைகள் விழுந்து கிடந்தன. ஒரு கீறல் இல்லை.

போனைத் திறந்து அக்காவிடம் காட்டினேன். இன்றைய தேதி. ஆரம்பித்துவிட்டது. ரோட் டெக்ஸும் காலையிலேயே போட்டுவிட்டிருந்தேன். அக்கா விரலை வைத்து எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். மேலே வண்டி நம்பரையும் சரிபார்த்தார். இனி என்னிடமிருந்து வரும் எதையும் அவர் சரிபார்ப்பார்.

இரவெல்லாம் தூங்காமல் நான் தயார் செய்திருந்த பேச்சைச் சொன்னேன். கார்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி தேதி என்றால் தேதிதான். அடுத்த வருஷம் வேறு ஏஜெண்டிடம் போனாலும் நான் வருத்தப்பட மாட்டேன். நேற்று நடந்ததற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. எல்லாம் சொன்னேன். அக்கா வேன் மேல் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே கேட்டார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாவியை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டேன். கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்பதாகப் பத்து நிமிடம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்துச் சொல்லவில்லை. அதுவாக வாயிலிருந்து வந்துவிட்டது.

"அக்கா, ஒம்போது வரைக்கும் ராகு காலம். இன்னும் பத்தே நிமிசம் பொறுத்து எடுத்தோம்னா..."

அக்கா கையை நீட்டினார்.

"சாவியக் குடு."